செவித்துணைக் கருவியும் ஸ்மார்ட்போனும்: புளூடூத் வழி நேரடி ஒலி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட்கும் திறன் குறைந்தவர்கள் அணியும் செவித்துணைக் கருவிகளில், போனின் ஒலியை இடையில் வேறெந்தச் சாதனமும் இல்லாமல் நேரே பெறும் வசதி வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனால், அந்த வசதி உண்டு என்று சொல்லி விற்கப்பட்ட கருவி, வீட்டுக்கு வந்ததும் போனோடு சேர மறுப்பது இன்றும் சாதாரணமாக நடக்கிறது. கருவி அணிபவர்களும், அவர்களுக்குப் போனை அமைத்துக் கொடுக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

நேரடி ஸ்ட்ரீமிங் என்றால் என்ன? போனைக் காதில் வைத்துப் பேசுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

போனைக் காதருகே வைத்துப் பேசும்போது, எதிர்முனையில் இருப்பவரின் குரல் போனின் சிறிய ஸ்பீக்கரிலிருந்து வெளிவந்து, கருவியின் மைக்கில் விழுந்து, அங்கே பெருக்கப்பட்டு, அதன் பிறகே செவிக்குள் செல்கிறது. காதுக்குப் பின்னால் அணியும் கருவிகளில் மைக் காதுமடலின் மேற்புறத்தில் இருக்கிறது. பழக்கத்தின்படி போனைக் காதுத் துளைக்கு நேராகப் பிடிப்பவருக்குக் குரல் பாதிதான் கேட்கும். சற்று மேலே தூக்கிப் பிடித்தால் கருவி விசிலடிக்கலாம். அருகில் ஓடும் மின்விசிறியும் மிக்ஸியும் குரலோடு சேர்ந்தே பெருகும்.

ஸ்ட்ரீமிங்கில் குரல் காற்றுவழி வருவதில்லை. போன் அதை ரேடியோ அலையாக அனுப்ப, கருவி அதைப் பெற்று, அணிபவரின் ஆடியோகிராமுக்கு (செவித்திறன் சோதனையின் வரைபடம்) ஏற்பச் சரிசெய்து, நேரே காதுக்குள் கொடுக்கிறது. இரண்டு காதுகளிலும் கருவி அணிந்திருந்தால் குரல் இரண்டிலும் கேட்கும். போனில் பேசுவதையே தவிர்த்து வந்த பலர் மீண்டும் பேசத் தொடங்குவதற்கு, ஒலியின் அளவைக் காட்டிலும் இந்த இருபுறக் கேட்டலே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

கருவியின் பெட்டியில் 'புளூடூத்' என்று அச்சிட்டிருக்கிறது. அப்படியென்றால் என் போனின் ஒலி கருவியில் கேட்கும்தானே?

கேட்கும் என்று அந்த ஒரு சொல்லை வைத்து உறுதி கூற முடியாது. செவித்துணைக் கருவியில் புளூடூத் இரண்டு வெவ்வேறு வேலைகளுக்குப் பயன்படுகிறது. ஒன்று, நிறுவனத்தின் செயலி வழியாக ஒலி அளவைக் கூட்டுவது, குறைப்பது, இடத்துக்கேற்ற ஒலி அமைப்பான நிரலை மாற்றுவது, பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது போன்ற கட்டுப்பாட்டு வேலை. இதற்கு மிகச் சிறிய அளவு தரவு போதும் என்பதால் ஏறக்குறைய எல்லாப் போன்களிலும் இது நடந்துவிடும். மற்றொன்று, அழைப்பின் குரலையும் பாட்டையும் இடைவிடாமல் கருவிக்கு அனுப்பும் ஸ்ட்ரீமிங். இது நடக்க, போனும் கருவியும் ஒரே ஒலிமுறையை, அதாவது ஒலியை அனுப்பிப் பெறும் ஒரே முறையை, அறிந்திருக்க வேண்டும்.

கடையில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: விற்பனையாளர் செயலியைத் திறந்து, விரலால் தள்ளி ஒலியைக் கூட்டிக் காட்டி, "பாருங்கள், புளூடூத்தில் வேலை செய்கிறது" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் மகளை அழைத்தால் குரல் போனின் ஸ்பீக்கரில்தான் வரும். ஆகவே 'புளூடூத் இருக்கிறதா' என்று கேட்பதை விட்டு, 'என்னிடம் உள்ள இந்தப் போனில் அழைப்பின் ஒலி நேரடியாகக் கருவிக்கு வருமா' என்று போனை மேசைமேல் வைத்துக் கேட்க வேண்டும்.

எத்தனை ஒலிமுறைகள் இருக்கின்றன? எது எந்தப் போனுக்கு?

இன்று புழக்கத்தில் இருப்பவை நான்கு. சாதாரண இயர்போனில் இருக்கும் புளூடூத்தையே ஏன் இதிலும் வைக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பழைய முறை மின்சாரத்தை அதிகம் எடுக்கும், 1.4 வோல்ட் பொத்தான் பேட்டரியில் பல நாட்கள் ஓட வேண்டிய கருவியால் அதைத் தாங்க இயலவில்லை. அதனால் ஒவ்வொருவரும் தத்தம் வழியில் ஒரு தீர்வைக் கண்டார்கள்; நமக்கு வந்த குழப்பம் அங்கே தொடங்கியது.

முதலில் வழி கண்டது ஆப்பிள். குறைந்த மின்சாரம் எடுக்கும் புளூடூத்தின் மேல் தனக்கே உரிய ஒலிமுறை ஒன்றை அமைத்து, 'மேட் ஃபார் ஐபோன்' என்ற பெயரில் கருவி நிறுவனங்களுக்கு உரிமம் அளித்தது. 2014இல் ரீசவுண்ட் லிங்க்ஸ், ஸ்டார்க்கி ஹேலோ ஆகிய கருவிகள் இந்த வசதியோடு வெளிவந்தன. 2017இல் காக்ளியர் நிறுவனத்தின் நியூக்ளியஸ் 7 வழியாகக் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவைச் சிகிச்சையால் உட்செவியில் வைக்கும் கருவி) பொருத்தியவர்களுக்கும் இது கிடைத்தது. ஐபோன், ஐபேட் போன்ற ஆப்பிள் சாதனங்களுக்கு மட்டுமே உரிய முறை இது.

இரண்டாவது, கூகுள் 2018இல் செவித்துணைக் கருவி நிறுவனமான ஜிஎன் ஹியரிங்கோடு சேர்ந்து அறிவித்த 'ஆஷா'. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10இலிருந்து இது இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டில் இருக்கிறது என்பதற்காக எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கும் என்று பொருளில்லை. போன் தயாரிப்பாளர் விரும்பினால் சேர்க்கலாம், விட்டுவிடலாம். கூகுள் பிக்சலிலும் சாம்சங் கேலக்ஸியின் உயர்வரிசைப் போன்களிலும் இதைக் காணலாம். நம் ஊரில் அதிகம் விற்கும் குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் இதை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது வழி சோனோவா குழுமத்தைச் சேர்ந்த ஃபோனாக் எடுத்தது. பழைய புளூடூத்தையே குறைந்த மின்சாரத்தில் இயக்கும் சிப் ஒன்றைச் செய்து, 2017இல் ஆடியோ பி-டைரக்ட் என்ற கருவியில் வைத்தார்கள். அதில் அழைப்பு ஒரு காதில் மட்டுமே கேட்டது. 2018இல் வந்த மார்வெல் வரிசையில் இரண்டு காதுகளுக்கும் விரிந்தது. இம்முறையின் சிறப்பு, இயர்போனோடு இணையும் எந்தப் போனோடும் இது இணையும் என்பதே. சில ஆயிரம் ரூபாய்ப் போனும், பட்டன் வைத்த சாதாரண மொபைலும்கூட இதற்குப் போதும். போனை மாற்றும் எண்ணமோ வசதியோ இல்லாத முதியவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான். மற்ற அம்சங்களில் வேறு கருவி ஒரு படி மேலாக இருந்தாலும், போனோடு சேராத கருவியால் அவருக்குப் பயன் குறைவு.

நான்காவது, 'எல்இ ஆடியோ'. ஐரோப்பியச் செவித்துணைக் கருவி உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பும் புளூடூத் தரநிலை அமைப்பும் 2014 முதல் சேர்ந்து உழைத்ததன் விளைவாக, 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, 2022இல் முழுமை பெற்ற பொதுத் தரநிலை இது. எல்சி3 என்ற புதிய ஒலிச் சுருக்க முறையைக் கொண்டு, குறைந்த மின்சாரத்தில் தெளிவான ஒலியைத் தரும். குரல் இருபுறமும் போய்வரவும் இதில் இடமுண்டு. 2023இல் வந்த ரீசவுண்ட் நெக்ஸியா, 2024இல் வந்த ஓட்டிகான் இன்டென்ட் போன்ற கருவிகளில் இது இருக்கிறது. போனில் ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருப்பதோடு, புளூடூத் சிப்பும் இதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்துப் பழைய போனை இதற்குத் தகுதியாக்க இயலாது.

ஒரே கருவியில் இவற்றுள் இரண்டு முறைகள் சேர்ந்திருப்பதும் உண்டு. மேட் ஃபார் ஐபோனும் ஆஷாவும் ஒன்றாக இருக்கும் கருவிகள் நிறைய உள்ளன.

வாங்குவதற்கு முன் எப்படி உறுதி செய்வது?

பெரிய கருவி நிறுவனங்கள் தம் இணையதளத்தில், எந்தக் கருவி எந்தப் போனோடு நேரடி ஒலியைப் பெறும் என்ற பட்டியலை வெளியிடுகின்றன. அதில் போனின் பெயரைத் தேடும்போது ஓரெழுத்து வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஒரே வரிசையில் ஒரு போன் இருக்கும், பெயரில் சிறிய மாற்றத்தோடு பாதி விலைக்கு வரும் அதன் தம்பி இருக்காது.

பட்டியலைப் பார்த்தாலும், உங்கள் சொந்தப் போனை எடுத்துச் சென்று சோதிப்பதே நல்லது. ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) கருவியைப் பொருத்தியவுடன் அங்கிருந்தே வீட்டில் ஒருவரை அழைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். அதன்பின் வாட்ஸ்அப்பில் அழையுங்கள், யூடியூப்பில் ஒரு பேச்சைக் கேளுங்கள். திரையை அணைத்து, போனைச் சட்டைப் பையிலும் கைப்பையிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அறையின் குறுக்கே நடந்து பாருங்கள். சாதாரண அழைப்பு வரும், வாட்ஸ்அப் அழைப்பு வராது; அல்லது நின்றால் வரும், நடந்தால் அறுபடும் என்பவையெல்லாம் இந்தச் சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

ஐபோனோடு எப்படி இணைப்பது?

போனில் புளூடூத்தை இயக்கிவிட்டு, செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் ஹியரிங் டிவைசஸ் என்ற பக்கத்துக்குச் செல்ல வேண்டும். மேட் ஃபார் ஐபோன் கருவிகளைப் பொதுவான புளூடூத் பட்டியலில் தேடிக்கொண்டிருப்பதுதான் பலர் செய்வது; இணைக்க வேண்டிய இடம் அதுவன்று. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கருவியின் பேட்டரிக் கதவைத் திறந்து மூடுங்கள். சார்ஜ் செய்யும் கருவியானால் பெட்டியில் ஒரு முறை வைத்து வெளியே எடுங்கள். அணைத்து இயக்கிய பிறகு சில நிமிடங்கள் மட்டுமே கருவி புதிய போனை ஏற்கும் நிலையில் இருக்கும். பெயர் திரையில் வந்ததும் அதைத் தொட்டால், இடது கருவிக்கு ஒன்றும் வலது கருவிக்கு ஒன்றுமாக இரண்டு முறை ஒப்புதல் கேட்கும். முதலாவதை அழுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று போனைக் கீழே வைத்துவிடுவதால்தான் பலருக்கு ஒரு காதில் மட்டும் ஒலி வருகிறது.

ஃபோனாக் போன்று பழைய புளூடூத்தில் இயங்கும் கருவிகளுக்கு இது பொருந்தாது. அவற்றை இயர்போனை இணைப்பதுபோலவே புளூடூத் பக்கத்தில் இணைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனோடு எப்படி இணைப்பது?

ஆண்ட்ராய்டு 14 முதல் ஆக்சஸிபிலிட்டிக்குள் ஹியரிங் டிவைசஸ் என்ற தனிப் பக்கம் உண்டு. அதற்கு முந்தைய பதிப்புகளில், புதிய சாதனத்தை இணைக்கும் வழக்கமான புளூடூத் பக்கமே போதும். கருவியை அணைத்து இயக்குவது மேலே சொன்னதுபோலவே. ஒரு பக்கம் இணைந்த பிறகு மறு பக்கத்தையும் இணைக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதையும் தனியே சேர்க்க வேண்டும். இணைந்த பின் கருவியின் பெயருக்கு அருகிலுள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால், அழைப்பு, மீடியா ஒலி ஆகியவற்றுக்கான பொத்தான்களோ செவித்துணைக் கருவி என்ற குறிப்போ தெரியும். பெயர் மட்டும் இருந்து, இவை எதுவும் தென்படாமல், ஒலியும் வரவில்லை என்றால், அந்தப் போனில் அந்த ஒலிமுறை இல்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். திரும்பத் திரும்ப இணைத்துப் பார்ப்பதால் பயனில்லை.

அழைப்பு அமைப்புகளில் 'ஹியரிங் எய்ட்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இயக்கினால் போதாதா?

அதற்கும் புளூடூத்துக்கும் தொடர்பில்லை. கருவிக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் காந்தப் புலத்தின் வழியாகக் குரலைப் பெறுவதற்கு ஏற்றவாறு போனை மாற்றும் பொத்தான் அது. போனைக் காதில் வைத்துப் பேசுபவருக்கு, அதுவும் கருவியில் டெலிகாயில் நிரல் இருந்தால் மட்டுமே, அதனால் பயன் உண்டு.

எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் எதிர்முனையில் இருப்பவருக்கு நான் பேசுவது கேட்கவில்லை. கருவி பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. மேட் ஃபார் ஐபோன், ஆஷா ஆகிய இரண்டும் பெரும்பாலும் ஒருவழிப் பாதைகள்: குரல் போனிலிருந்து காதுக்கு வரும், உங்கள் குரல் காதிலுள்ள கருவியின் வழியே போனுக்குத் திரும்பிச் செல்லாது. நீங்கள் பேசுவதைப் போனின் சொந்த மைக்தான் எடுத்துக்கொள்கிறது.

கனடாவிலிருந்து பேரன் வாட்ஸ்அப்பில் அழைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்கு அவன் குரல் இரண்டு காதிலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கிறது. கேட்கிற மகிழ்ச்சியில் போனைக் கூடத்து மேசையில் விட்டுவிட்டு, பேசிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுகிறார். அவருக்கு இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அவனோ "ஹலோ, ஹலோ பாட்டி" என்று கத்திக்கொண்டிருப்பான். தனக்குக் கேட்பதால் அவனுக்கும் கேட்கும் என்று நினைப்பது இயல்புதான். கருவியைப் பொருத்தும் நாளிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். போனை ஒரு முழ தூரத்துக்குள், அதன் அடிப்பகுதியிலுள்ள மைக் துளை துணியால் மூடப்படாமல், முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு பேசினால் போதும். போனைக் காதில் ஒட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. போன் உறையின் விளிம்பு அந்தத் துளையை அடைத்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

கருவியின் மைக்கே குரலை எடுத்து அனுப்பும் வசதியும் இருக்கிறது. ஃபோனாக்கின் மார்வெல் முதலான வரிசைகளில் இது உண்டு; போன் வேறிடத்தில் இருந்தாலும் கை வைக்காமல் பேசலாம். ஐபோன் 11 முதலான போன்களில், இருவழி ஒலிக்கென்று அமைந்த சில மேட் ஃபார் ஐபோன் கருவிகளோடும் இது கிடைக்கிறது. அழைப்புகளை நம்பித் தொழில் செய்பவர்கள் இந்த அம்சத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

அப்பாவின் போனை நான் எடுத்துப் பேசினால் எனக்கு எதுவும் கேட்பதில்லை. ஏன்?

அவர் அடுத்த அறையில் கருவியை அணிந்தபடி இருக்கிறார். போன் ஒலியை அவர் காதுக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அழைப்புத் திரையில் ஒலி எங்கே போக வேண்டும் என்பதைத் தேர்வதற்கான குறி இருக்கும். அதில் போன் அல்லது ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்குக் கேட்கும். நீங்கள் அம்மாவிடம் எதையோ கிசுகிசுத்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்றால், எதிர்முனையில் வரும் பதிலை அப்பா கேட்டுக்கொண்டிருப்பார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறுஞ்செய்தி வரும்போதெல்லாம் காதுக்குள் 'டிங்' என்று அடித்துத் திடுக்கிட வைக்கிறது. இதை நிறுத்த முடியுமா?

முடியும். ஐபோனில் ஹியரிங் டிவைசஸ் பக்கத்தின் உள்ளேயே ரிங்டோனும் போன் எழுப்பும் பிற ஒலிகளும் கருவியில் ஒலிக்க வேண்டுமா என்பதற்கான பொத்தான் இருக்கிறது. அழைப்பு, மீடியா இரண்டும் எந்த வழியில் செல்ல வேண்டும் என்பதையும் அங்கே தனித்தனியே அமைக்கலாம். ஆண்ட்ராய்டு 14 முதல் ரிங்டோன், அறிவிப்பு, அழைப்பு, மீடியா ஒவ்வொன்றையும் கருவிக்கா போன் ஸ்பீக்கருக்கா என்று பிரித்துவிடலாம். முதல் நாளிலேயே அறிவிப்பு ஒலிகளைப் போனுக்கு ஒதுக்கிவிடுவது என் பரிந்துரை. குடும்பக் குழுக்களின் காலை வணக்கச் செய்திகளால் வெறுத்துப்போய்க் கருவியைக் கழற்றி வைத்தவர்கள் உண்டு.

ஒலி விட்டு விட்டு வருகிறது. சில நேரம் ஒரு காதில் மட்டும் வருகிறது. என்ன செய்வது?

முதலில், ஒலி வராத பக்கத்துப் பேட்டரியைப் பாருங்கள். சாதாரணமாகக் கேட்பதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருந்தும், ஸ்ட்ரீமிங்குக்குப் போதாமல் கருவி அதை மட்டும் நிறுத்திக்கொள்வது உண்டு.

அடுத்தது, போன் இருக்கும் இடம். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. நீர் நிறைந்த மனித உடல் இந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். வலது பின்பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டு நடந்தால், இடது காதிலுள்ள கருவிக்கு அலை உடலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். சுவர்கள் அலையைத் திருப்பிவிடும் அறைக்குள் சிக்கல் தெரியாது. மொட்டைமாடியிலும் திறந்த மைதானத்திலும் அறுபடும். சட்டைப் பைக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டில் வேறொரு பழைய போனோ டேப்லெட்டோ முன்பு இணைக்கப்பட்டிருந்தால், அது கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம். அதில் புளூடூத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இதுவும் உதவவில்லையென்றால், போனில் கருவியின் பெயரை நீக்கி, போனை அணைத்து இயக்கி, முதலிலிருந்து இணைக்க வேண்டும். நிறுவனத்தின் செயலிக்குள்ளும் கருவி பதிவாகியிருப்பதால், அங்கிருந்தும் நீக்குவதை மறந்துவிடக் கூடாது. போனின் மென்பொருள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் தொல்லை தொடங்கியிருந்தால், நேரே இந்தப் படிக்கு வந்துவிடுங்கள்.

ஸ்ட்ரீமிங் செய்தால் பேட்டரி எவ்வளவு குறையும்?

ஸ்ட்ரீமிங் நடக்கும்போது பல கருவிகள் வழக்கத்தைப் போல் இரு மடங்கு அல்லது அதற்கும் மேல் மின்சாரம் எடுக்கின்றன. பழுப்பு நிற ஒட்டுத்தாளோடு வரும் 312 அளவு பேட்டரியில் நாளெல்லாம் பாட்டுக் கேட்பவர் ஒரு வாரத்தை எட்டுவதற்கு முன்பே அதை மாற்ற நேரிடும். ஆரஞ்சு நிறத்து 13 அளவு அதைவிடக் கூடுதல் நாள் தாங்கும். மஞ்சள் நிறத்து 10 அளவைக் கொண்ட மிகச் சிறிய கருவிகளில் நீண்ட நேர ஸ்ட்ரீமிங்கை எதிர்பார்க்க வேண்டாம். காதுக்குள் முழுவதும் மறையும் கருவிகள் பலவற்றில் ஆண்டெனாவுக்கே இடமில்லாததால் புளூடூத் இருப்பதில்லை. அதிகம் பேசுபவர்களுக்குச் சார்ஜ் செய்யும் வகை வசதியானது. கருவியின் பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கில் எத்தனை மணி நேரம் ஸ்ட்ரீமிங் சேர்ந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேச்சு நன்றாகக் கேட்கிறது. பாட்டு மட்டும் சன்னமாக, உயிரில்லாமல் ஒலிக்கிறது. ஏன்?

காரணம் பெரும்பாலும் காதுக்குள் செருகும் சிறு ரப்பர் குடையில் இருக்கிறது. தாழ்ந்த ஒலிகளை ஓரளவு தாமாகவே கேட்கக்கூடியவர்களுக்கு, காது அடைத்ததுபோல் இருக்கக் கூடாது என்பதற்காகத் துளைகள் உள்ள திறந்த டோம் போடுவார்கள். வெளி ஒலிக்கு அது நல்லது. ஸ்ட்ரீமிங்கில் வரும் மிருதங்கமும் தவிலும் அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிட, வயலினும் ஜால்ராவும்தான் மிஞ்சும். ஆடியாலஜிஸ்ட் தன் கணினியில் ஸ்ட்ரீமிங் நிரலைத் தனியே திறந்து தாழ்ந்த ஒலிகளைக் கூட்டித் தர முடியும். ஸ்ட்ரீமிங்கின்போது வெளி ஒலி எவ்வளவு உள்ளே வர வேண்டும் என்பதும் அங்கேயே அமைக்கப்படுவது. இவ்விரண்டையும் நிறுவனம் கொடுத்த இயல்பான அமைப்பிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்டால் செய்து தருவார்கள்.

அழைப்பில் சிலரின் குரல் மங்கலாகவும் சிலரின் குரல் தெளிவாகவும் இருப்பதற்குக் கருவி பொறுப்பில்லை. பழைய தொலைபேசி முறையில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் கம்பியில் போகும். 'ஸ', 'ஷ' போன்றவற்றை அடையாளம் காட்டும் உயர் அதிர்வெண்களில் பெரும்பகுதி அதற்கு மேல் இருக்கிறது. இரு முனையிலும் 4ஜி வழியே செல்லும் வோல்டி அழைப்பாகவோ வாட்ஸ்அப் அழைப்பாகவோ இருந்தால் கூடுதல் அகலத்தில் ஒலி வரும். முதியவர்களை அழைக்கும்போது வாட்ஸ்அப்பில் அழைத்துப் பாருங்கள். வேறுபாட்டை அவர்களே சொல்வார்கள்.

கருவியின் செயலி என் இருப்பிடத்தை ஏன் கேட்கிறது?

ஆண்ட்ராய்டு 11 வரை, அருகிலுள்ள குறைமின் புளூடூத் சாதனங்களைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற தனி அனுமதி வந்துவிட்டது. தொலைந்த கருவியைத் தேடித் தரும் வசதி போன்றவற்றுக்கு இப்போதும் இருப்பிடம் வேண்டும்.

மேசையில் போனை வைத்து, எதிரே இருப்பவர் பேசுவதைக் கருவியில் கேட்க முடியுமா?

ஐபோனில் லைவ் லிசன் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. போனைப் பேசுபவரின் அருகே வைத்துவிட்டால், அதன் மைக் எடுக்கும் ஒலி கருவிக்கு வரும். ஒருவர் மட்டும் பேசும் கூட்டத்திலும், மருத்துவரின் மேசையிலும் இது உதவும். பலர் சேர்ந்து பேசும் சாப்பாட்டு மேசையில் தட்டுச் சத்தமும் சேர்ந்து பெருகுவதால் ஏமாற்றம்தான் கிடைக்கும்.

தொலைக்காட்சியையும் இப்படியே இணைக்கலாமா?

பெரும்பாலான தொலைக்காட்சிகளில் உள்ள புளூடூத் பழைய வகை. ஃபோனாக் போன்ற கருவிகள் அதோடு சேரக்கூடும். ஆனால் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் உதடு அசைந்த பிறகு சொல் கேட்கும். தொலைக்காட்சி ஒலியைக் கருவிக்கு அனுப்ப கருவி நிறுவனங்கள் விற்கும் சிறிய பெட்டியைத் தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டில் செருகினால் அந்தத் தாமதம் தெரியாது. மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய அளவில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே உள்ள கருவியில் புளூடூத் இல்லை. புதிதாகத்தான் வாங்க வேண்டுமா?

அவசியமில்லை. அரசுத் திட்டங்களில் வழங்கப்படும், காதுக்குப் பின்னால் அணியும் கருவிகள் பலவற்றில் புளூடூத் இருக்காது, டெலிகாயில் இருக்கக்கூடும். டெலிகாயில் இருந்தால், கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொள்ளும் புளூடூத் நெக்லூப் ஒன்றை எந்தப் போனோடும் இணைத்து, கருவியை 'டி' நிரலுக்கு மாற்றிக் கேட்கலாம். நெக்லூப்பில் மைக்கும் இருப்பதால் இருவழியும் பேச முடியும். மின்கம்பிகளுக்கும் டியூப்லைட்டுக்கும் அருகே சற்று இரைச்சல் கேட்பது இதன் குறை.

ஸ்ட்ரீமிங் இருந்தும் உங்கள் போனோடு சேராத கருவியாக இருந்தால், ஓட்டிகானின் கனெக்ட்கிளிப், ரீசவுண்டின் ஃபோன்கிளிப் போல அந்தந்த நிறுவனம் தரும் சட்டையில் மாட்டும் இடைச்சாதனம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்தச் சாதனம் போனோடு பழைய புளூடூத்தில் பேசி, கருவிக்குத் தன் முறையில் அனுப்பும். ஒரு பொருளைக் கூடுதலாகச் சார்ஜ் செய்து, மறக்காமல் அணிய வேண்டும் என்பதே சிரமம்.

ஏர்பாட்ஸ் வாங்கினால் போதும் என்கிறார்களே?

2024 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஏர்பாட்ஸ் ப்ரோ 2இல் இயங்கும் செவித்துணை மென்பொருளுக்கு அனுமதி அளித்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட, லேசானது முதல் மிதமானது வரையிலான கேட்கும் குறை உள்ளவர்களுக்கானது அது. இந்தியாவில் அப்போது அந்த வசதி திறக்கப்படாததால், பெங்களூரில் சில இளைஞர்கள் தங்கள் பாட்டிகளுக்காக, அலுமினியத் தாள் சுற்றிய பெட்டிக்குள் சாதனத்தை வைத்து, அது வேறு நாட்டில் இருப்பதாக நம்பவைத்து இயக்கியது செய்தியானது. பாராட்ட வேண்டிய குறும்புதான். ஆனால் ஒரு முறை சார்ஜ் செய்தால் ஆறு மணி நேரம் அளவில் ஓடும் சாதனத்தைக் காலை முதல் இரவு வரை அணிய இயலாது. தீவிரமான கேட்கும் குறைக்கு அதன் பெருக்கம் போதாது. பரிசோதனை செய்யாமல் இதில் இறங்குபவர், காதுக்குறும்பி அடைப்பையோ சிகிச்சையால் சரியாகக்கூடிய வேறு காரணத்தையோ கவனிக்காமல் விட்டுவிடவும் கூடும்.

நாள் முழுவதும் காதில் புளூடூத் இருப்பது தலைக்குத் தீங்கா?

கருவி வெளியிடும் ரேடியோ ஆற்றல் சில மில்லிவாட் அளவுதான். 2ஜி அழைப்பில் போன் உச்சமாக 2 வாட் வரை வெளியிடக்கூடும். ஸ்ட்ரீமிங்கால் அந்தப் போன் தலையிலிருந்து தள்ளியே இருக்கிறது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், காந்தம் உள்ள போனையும் சார்ஜ் பெட்டியையும் மார்புச் சட்டைப் பையில் வைக்காமல், குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். போனைச் சட்டைப் பைக்கு மாற்றுங்கள் என்று மேலே சொன்னது அவர்களுக்குப் பொருந்தாது, இடுப்பின் முன்பக்கப் பையைப் பயன்படுத்தலாம்.

ஒரு காதில் மட்டும் கருவி அணிகிறேன். பாட்டில் ஏதோ விடுபடுவதுபோல் இருக்கிறதே?

ஸ்டீரியோவில் இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக இசைக்கருவிகளைப் பிரித்து வைத்திருப்பார்கள். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஆக்சஸிபிலிட்டிக்குள் மோனோ ஆடியோ என்ற பொத்தான் உண்டு. அதை இயக்கினால் இரு பக்க ஒலியும் கலந்து ஒரே காதுக்கு வரும்.

ஆராகாஸ்ட் வருகிறதாமே, அதுவரை வாங்காமல் காத்திருக்கலாமா?

எல்இ ஆடியோவின் ஒரு பகுதியே ஆராகாஸ்ட். 2022இல் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. ஓர் ஒலிபரப்பியிலிருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் தத்தம் கருவியில் ஒரே நேரத்தில் கேட்கலாம். விமான நிலைய அறிவிப்பு, அரங்கப் பேச்சு, திரையரங்கு போன்றவை நேரே காதுக்கு வரும். கருவியும் ஒலிபரப்பியும் இருந்தால் போதும். அலைவரிசையைத் தேர்வதற்கு மட்டும் போனோ செயலியோ துணை செய்யும். ஆனால் அரங்குகள் அந்த ஒலிபரப்பியை வாங்கி வைத்தால்தான் இதெல்லாம் நடக்கும், நம் ஊர் மண்டபங்களில், டெலிகாயிலுக்கு ஒலியை அனுப்பும் கம்பிச்சுற்றான லூப்பே அரிதாக இருக்கிறது. கேட்கும் குறை உள்ளவர் கருவி இல்லாமல் ஓரிரு ஆண்டுகள் காத்திருப்பதில் இழப்பே அதிகம். பேச்சைப் பிரித்தறியும் பழக்கம் அதற்குள் மேலும் தேய்ந்துவிடக்கூடும். இன்றே வாங்குபவர், விலை கட்டுப்படியானால், எல்இ ஆடியோ உள்ள கருவியையோ பின்னர் மென்பொருள் வழியே அதைத் தர உறுதியளிக்கும் கருவியையோ தேர்ந்தெடுக்கலாம். அந்த உறுதியை விற்பனையாளர் வாயால் சொன்னால் போதாது; ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.